யார் சம்பளத்தில் கழிப்பது?

நமது பத்தியைப் படித்து வரும் சகோதரிகளில் பலருக்குக் கடல் கடந்த தேசத்தில் மகளோ, மருமகளோ, தங்கையோ இருக்கக்கூடும். அவர்களில் ஒருத்தியாவது இங்கே உபாத்தியாயினியாக இருந்தவளாயும் இருப்பாள். கணவனுக்கு அயல்நாட்டில் உத்தியோகமாயிற்று. இவள் பள்ளிக்கூடத்து வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டு உடன் சென்றாள். போன இடத்தில் ஒரு குழந்தை, அதன் பின் இன்னொரு குழந்தை. ஐந்து வருஷம் ஓடி விட்டது. இப்போது, மறுபடியும் வகுப்பில் நின்று பாடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவள் மனத்தில் தலை தூக்குகிறது. அதை வீட்டில் வெளியிட்டதும் என்ன நடக்கிறது? இந்தக் காலத்தில் யாரும் கோபிப்பதில்லை, தடுப்பதுமில்லை. கணக்குப் போடுகிறார்கள்!

"உனக்குச் சம்பளம் இவ்வளவு வரும். இரண்டு குழந்தைகளையும் காப்பகத்தில் விட இவ்வளவு ஆகும். வண்டிச் சத்தம் இவ்வளவு. கையில் நிற்பது ஒன்றுமில்லை. எதற்கு உனக்கு இந்தச் சிரமம்? குழந்தைகள் பெரியவர்களாகட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்கிறான் கணவன். அவன் அன்பில்லாதவன் அல்ல. மனைவி இரவும் பகலும் அல்லல்படப் போகிறாளே என்ற கவலையினால்தான் அப்படிச் சொல்கிறான். அவளும் காகிதத்தைப் பார்க்கிறாள். எண்கள் பொய் சொல்லவில்லை. விஷயம் அதோடு முடிந்து விடுகிறது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுகளைத் திருத்திப் பழகிய நாம் இந்தக் கணக்கையும் சற்றுத் திருத்திப் பார்க்க விரும்புகிறோம். கூட்டலில் பிழை இல்லை. கழித்தலில்தான் பிழை இருக்கிறது. காப்பகக் கட்டணத்தை யார் சம்பளத்தில் கழிப்பது? குழந்தைகள் இருவருக்கும் பிறந்தவர்கள். அப்படியிருக்க, கட்டணம் மட்டும் தாயின் கணக்கில் எழுதப்படுவானேன்? வீட்டு வாடகை முழுவதையும் கணவன் சம்பளத்தில் கழித்து, "உங்கள் உத்தியோகத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை, பேசாமல் வீட்டிலேயே இருங்கள்" என்று எந்த மனைவியாவது சொல்லக் கேட்டிருக்கிறோமா? வாடகை குடும்பச் செலவு என்றால் காப்பகமும் குடும்பச் செலவுதான்.

எல்லாத் தேசங்களையும் ஒரு பத்தியில் அடக்க முடியாது. ஆகவே நம்மவர்கள் ஏராளமாய்க் குடியேறியிருக்கும் இங்கிலாந்தை எடுத்துக் கொள்வோம். அங்கே காப்பகம் அவ்வளவு செலவு வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வயது நிரம்பாத மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் ஆட்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு வயதுக் குழந்தைகளானால் ஐவருக்கு ஒருவர். 2023 செப்டம்பருக்கு முன் நால்வருக்கு ஒருவர் என்றிருந்தது. மூன்று பெற்றோர்கள் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, கட்டடத்துக்கும் கணப்புக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்டுவதென்றால் கட்டணம் எப்படிக் குறையும்? குழந்தைகளின் பத்திரத்தை முன்னிட்டு ஏற்பட்ட விதி இது. குறை சொல்வதற்கில்லை.

இந்தப் பாரத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பர் முதல், பெற்றோர் இருவரும் வேலை பார்க்கும் வீடுகளில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பள்ளியில் சேரும் வயது வரை, வாரத்துக்கு 30 மணி நேரம், வருஷத்தில் 38 வாரங்களுக்குக் காப்பகச் செலவைச் சர்க்கார் தருகிறது. பெற்றோரில் எவருக்கும் வருஷ வருமானம் 1,00,000 பவுனைத் தாண்டக் கூடாது. (பவுன் என்றதும் நமது சகோதரிகள் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டாம், இது அந்நாட்டு நாணயம்.) பள்ளிக்கூடம் நடப்பதும் ஏறக்குறைய அதே 38, 39 வாரங்கள் ஆகையால், வேறெந்த உத்தியோகஸ்தியை விடவும் உபாத்தியாயினிக்கு இந்தச் சலுகை பொருத்தமானது.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. புதிதாகக் குடியேறியவர்களின் வீசாவில் "பொது நிதியில் பாத்தியதை இல்லை" என்ற நிபந்தனை எழுதப்படுவது வழக்கம். கணவன் மனைவி இருவருக்குமே அந்த நிபந்தனை இருந்தால் இந்த 30 மணி நேரச் சலுகை கிடையாது. இருவரும் வரி கட்டலாம், வேலை செய்யலாம், சலுகை மட்டும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது, மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவான வாரம் 15 மணி நேரந்தான். ஆகவே, அண்டை வீட்டுக்காரி சொன்னதை நம்பிக் கணக்குப் போடாமல், தங்கள் வீசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, "அப்படியானால் காத்திருப்பதே மேல் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதைத்தான் யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. 2025 செப்டம்பரில் ஏற்பட்ட விகிதப்படி, லண்டனுக்கு வெளியே தகுதி பெற்ற ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 32,916 பவுன். அதிலிருந்து படிப்படியாக உயர்ந்து 45,000-ஐத் தாண்டலாம். முதல் படியில் கால் வைக்காதவளுக்கு இரண்டாவது படி இல்லை. ஓய்வூதியமும் அப்படியே. ஆசிரியர் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷச் சம்பளத்தில் 57-ல் ஒரு பங்கு அவர் வருஷாந்தர ஓய்வூதியத்தில் சேருகிறது. ஆரம்பச் சம்பளத்திலேயே அது சுமார் 577 பவுன் ஆகிறது. அதாவது, கையில் ஒன்றும் நிற்கவில்லை என்று தள்ளிய ஒரு வருஷம், அவளுடைய முதுமையில் வருஷந்தோறும் 577 பவுனைக் குறைத்து விடுகிறது. ஐந்து வருஷத்துக்கு எவ்வளவு என்று நேயர்களே பெருக்கிக் கொள்ளலாம்.

மணமான பெண்ணுக்கு வகுப்பில் இடம் உண்டா என்பதே அந்தத் தேசத்தில் ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. நம் நாட்டுக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொல்லிக் கொண்டவர்கள், தங்கள் நாட்டில் ஆசிரியை கல்யாணம் செய்து கொண்டால் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று பல ஊர்களில் விதி வைத்திருந்தார்கள்! லண்டன் கவுண்டி கவுன்சில் அந்த விதியை 1935-ல் எடுத்தது. தேசம் முழுவதற்கும் 1944-ம் வருஷத்துக் கல்விச் சட்டம் அதை ஒழித்தது. மணமானவள் என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பெண்ணையும் ஆசிரியை வேலைக்குத் தகுதியற்றவளாக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. சட்டம் எடுத்து விட்ட தடையை வீட்டுக் காகிதம் திரும்பக் கொண்டு வரலாமா என்பதே நமது கேள்வி.

இனி, கதவு எப்படித் திறக்கும் என்று பார்ப்போம். இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், 2023 பிப்ரவரி முதல், இங்கிலாந்தின் "தகுதி பெற்ற ஆசிரியர்" என்ற அந்தஸ்துக்கு நேராக விண்ணப்பம் செய்யலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி வேண்டும், ஒரு வருஷமாவது கற்பித்த அனுபவமும், ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்றும் வேண்டும். ஆனால் இந்த வழி நம்மவர்களுக்குத் திறந்தபோது, 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், விஞ்ஞானம், மொழிகள் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே அது என்று வரையறுக்கப்பட்டது. சரித்திர உபாத்தியாயினியும், ஆரம்பப் பள்ளி உபாத்தியாயினியும் வேறு வழிகளை விசாரிக்க வேண்டும். உதவி ஆசிரியையாகவோ, விடுப்பில் போனவருக்குப் பதிலாக அன்றன்று போய்ப் பாடம் நடத்துபவளாகவோ தொடங்குவது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. அது தாழ்வு அல்ல. அந்நாட்டுப் பிள்ளைகளின் உச்சரிப்பும், வகுப்பின் பழக்கவழக்கமும் காதுக்குப் படிய அது நல்ல வழி. ஊரை விட்டுக் கிளம்பும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: பட்டச் சான்றுகளையும், பழைய பள்ளியின் அனுபவச் சான்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ஐந்து வருஷம் கழித்துக் கடிதம் எழுதிப் பெறுவது, பிரசவத்தை விடக் கஷ்டமானது!

வேலை கிடைத்த பிறகுதான் குடும்பத்துக்கு உண்மையான பரீட்சை. அங்கே முழு நேர ஆசிரியருக்கு வருஷத்தில் 195 நாள் வேலை. தலைமையாசிரியர் கட்டளைப்படி செய்ய வேண்டிய நேரம் 1,265 மணி. நோட்டுத் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் பெரும்பாலும் அதற்கு மேல். பள்ளி மூன்றேகால் மணி சுமாருக்குப் பிள்ளைகளை விட்டு விடும், உபாத்தியாயினியை விடாது. காலையிலும் இதே சங்கடம். பிறர் வீட்டுப் பிள்ளைகளைத் தன் பள்ளி வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள், அதே நிமிஷத்தில் தன் பிள்ளையை இன்னொரு பள்ளி வாசலில் விட்டுக் கொண்டிருக்க முடியாது. விடுமுறைகள் ஒத்து வருகின்றன என்பது பெரிய பாக்கியந்தான். ஆனால் பள்ளி நடக்கும் நாட்களில் அவளால் நினைத்தபடி ஒரு நாள் கூட எடுக்க இயலாது.

ஆகையால் கணவனின் பங்கு, "நீ வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபமில்லை" என்று பெருந்தன்மையாகச் சொல்வதோடு தீர்ந்து விடாது. காலையில் குழந்தையைக் கொண்டு விடுவது யார், மாலையில் அழைத்து வருவது யார் என்று கிழமை வாரியாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை அங்குள்ள ஊழியர் எல்லோருக்கும் உண்டு. முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த உரிமை தாய்மார்களுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல, தகப்பன்மார்களும் கேட்கலாம். கேட்கிறார்களா?

காப்பகத்துக்குப் போகும் குழந்தைக்கு முதல் குளிர்காலத்தில் சளியும் ஜுரமும் அடிக்கடி வரும். மதியம் காப்பகத்திலிருந்து டெலிபோன் வரும். அப்போது யார் ஓடுவது? அவசரத்துக்கு விடுப்பு எடுக்கும் உரிமை சட்டப்படி இருவருக்கும் சமம். ஆனால் ஒவ்வொரு தடவையும் தாயே ஓடினால், இரண்டாவது மாதத்தில் அவளே, "நம்மால் ஆகாது" என்று ராஜிநாமாக் கடிதம் எழுதி விடுவாள். பல பெண்களின் உத்தியோகம் பெரிய காரணத்தால் முடிவதில்லை. இப்படிப்பட்ட ஜுரத்தால்தான் முடிகிறது.

நம் ஊரானால் பாட்டி இருப்பாள். பாட்டியை விமானம் ஏற்றி அழைத்துக் கொள்வதும் உண்டு. ஆனால் பயணியாகப் போகிறவருக்குச் சாதாரணமாக ஆறு மாதந்தான் அங்கே தங்க அனுமதி. ஆறு மாதம் கழித்துப் பாட்டி புறப்படும்போது வீட்டு ஏற்பாடும் அவளோடு புறப்பட்டு விடக் கூடாது. பாட்டி இருக்கும்போதே குழந்தையைச் சில மணி நேரம் காப்பகத்தில் விட்டுப் பழக்குவது விவேகம்.

"குழந்தை தமிழை மறந்து விடுமே!" என்ற கவலையும் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் தமிழைக் காப்பாற்றுவது தாய் எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறாள் என்பதைப் பொறுத்ததல்ல; வீட்டில் இருக்கும்போது என்ன பாஷை பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டு வேளையிலும் படுக்கும் வேளையிலும் தகப்பனும் தாயும் தமிழில் பேசிக் கதை சொன்னால் மொழி நிற்கும். அங்கே தமிழர்கள் சனி ஞாயிறுகளில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் துணை நிற்கின்றன.

சிறு குழந்தைகளோடு வீட்டில் இருப்பதையே விரும்பும் தாய்மார்களைப் பற்றி நாம் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லவில்லை. அதுவும் மேலான தொண்டு. அந்தத் தீர்மானத்தை அவளே செய்ய வேண்டும் என்பதுதான் நமது கட்சி. பிழையான கழித்தல் கணக்கொன்று அவளுக்காகத் தீர்மானம் செய்து விடலாகாது.

ஒரு நல்ல உபாத்தியாயினியை உண்டாக்கப் பட்டப் படிப்பும், பயிற்சியும், எத்தனையோ வகுப்புகளின் அனுபவமும் தேவைப்படுகின்றன. அவளை அனுப்பி வைத்த பெற்றோரும் மாமனார் மாமியாரும், அடுத்த தடவை டெலிபோனில் பேசும்போது "குழந்தைகள் சாப்பிட்டார்களா?" என்று கேட்பார்கள். அதை மகளிடம் மட்டும் கேளாமல் மாப்பிள்ளையிடமும் கேட்கட்டும், மகனிடமும் கேட்கட்டும். பதில் சொல்லத் தெரிந்த தகப்பன் இருக்கும் வீட்டில், தாய் தைரியமாகப் பள்ளிக்கூடம் போவாள்.