கைமருந்து: ஓமத் தண்ணீரும் ஓம ரிங்சரும்



இரவில் கைக்குழந்தை காலை மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுதால், அயலில் உள்ள அம்மம்மா கேட்பது, "ஓமத் தண்ணி பருக்கினியோ பிள்ளை?" என்றுதான். முறுக்குக்கும் ஓமம், வயிற்றுப் பொருமலுக்கும் ஓமம் என்று பழகியவர்கள் நாங்கள். ஆனால், ஓமம் எந்தப் போத்தலில் எப்படி வருகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம் யாவும் ஒரே தாவரக் குடும்பம். ஐரோப்பியர் பாணிலும் கோவாவிலும் சேர்க்கும் 'கரவே' என்ற சீரகமும் இதே குடும்பந்தான். கரவேயின் மணத்துக்குக் காரணம் கார்வோன். ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமோல்.

இந்த மணத்தை விதையிலிருந்து எடுக்க இரண்டு வழிகள் உண்டு. தண்ணீரில் அவித்தோ, ஆவியை வடித்தோ எடுப்பது ஒன்று. தைமோல் தண்ணீரில் கொஞ்சமாகவே கரையும். ஆகவே இது மென்மையானது. இடித்த விதையை மதுசாரத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது மற்றையது. அதுதான் ரிங்சர். காயத்துக்குப் பூசும் ரிங்சர் அயடினும் மதுசாரத்தில் கரைத்ததே. கரவே ரிங்சர் சில துளி விட்டாலே கேக் மணக்கும். அவ்வளவு செறிவானது.

ரிங்சரும் பார்வைக்கு ஓமத் தண்ணீர் போலவே இருக்கலாம். ஆனால் அதில் மதுசாரம் உண்டு. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது ஆகாது. 1851இல் இங்கிலாந்தில் தொடங்கிய கிரைப் வோட்டரிலும் முன்பு மதுசாரம் இருந்தது. பிற்காலத்தில் அதை நீக்கிவிட்டார்கள். எனவே போத்தலை வாங்கும்போது லேபலை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள்; இதில் வெட்கமில்லை.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். ஓமத் தண்ணீரும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து, முதுகைத் தடவி ஏவறை விடச் செய்யுங்கள். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெரியவர்களின் பொருமலுக்கு: ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இரண்டு கோப்பை தண்ணீர் விட்டு ஒரு கோப்பையாக வற்றக் காய்ச்சி, வடித்து இளஞ்சூட்டில் குடிக்கலாம். கர்ப்பிணிகள் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டில் மூத்தவர் துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் எம்மிடையே பலர். சந்தேகம் வந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். அழும் பிள்ளைக்கு முதல் மருந்து உங்கள் தோள்தான்.