புகைக்கூண்டுக்கும் அடங்கல் எழுது!

 

நமக்கு அரை ஏக்கர் நிலம் இருந்தால் அதற்கு எத்தனை காகிதம்! பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம். கன்னிப்பூவுக்கு என்ன விதைத்தோம், கும்பப்பூவுக்கு என்ன நட்டோம், விளையில் தென்னை எத்தனை மூடு, வாழை எத்தனை மூடு, எல்லாம் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் ஏற்ற வேண்டும். ஒரு மூட்டை யூரியா வாங்கப் போனாலும் மெஷினில் விரல் வைக்க வேண்டும். வருஷா வருஷம் ஜமாபந்தி வேறு. அதிகாரி வந்து உட்கார்ந்து ஊர்க் கணக்கை எல்லாம் புரட்டிப் பார்ப்பார்.

கணக்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு இல்லாவிட்டால் என்ன கதி என்று பட்டுத் தெரிந்தவர்கள் நாம். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் வாழை அடியோடு சாய்ந்தது. நிவாரணம் கேட்டு ஓடினோம். நம்மில் சிலருக்குக் கிடைத்த பதில், "அடங்கல்ல வாழைன்னு இல்லியே!" கண் முன்னால் வாழை சரிந்து கிடக்கிறது. காகிதத்தில் ஏறவில்லை. அதனால் அப்படி ஒரு வாழையே இருக்கவில்லை என்று ஆகிப் போச்சு. எழுதாதது நடக்காதது. அன்றைக்கு நமக்கு அரசாங்கம் சொல்லித் தந்த பாடம் இது.

அதே பாடத்தை வைத்து இன்றைக்கு நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். நிலக்கரி எரிக்கும் ஆலையின் புகைக்கூண்டு வழியாக வருஷத்துக்கு எத்தனை கிலோ பாதரசம் போகிறது? அதை எழுதுகிற அடங்கல் எங்கே? அதை ஊரார் முன் வைக்கும் ஜமாபந்தி எந்தத் தேதி?

இதுக்கும் நமக்கும் என்ன?

"ஆலை தூத்துக்குடியில கிடக்கு. நாம குளச்சல்ல கிடக்கோம். நமக்கு என்ன மக்கா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்கிறோம்.

நிலக்கரியில் பாதரசம் கொஞ்சம் இயற்கையாகவே கலந்து இருக்கிறது. கரி எரியும்போது அது ஆவியாகும். சாம்பல் பிடிக்கும் கருவியில் ஒரு பங்கு சிக்கும், மிச்சம் வெளியே போகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஆனால் ஆயுள் உண்டு. மாதக் கணக்கில், ஒரு வருஷம் வரைகூடக் காற்றில் அலையும். அதற்கு மாவட்ட எல்லை தெரியாது. தூத்துக்குடிக்கும் நமக்கும் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். மழையோடு இறங்கினால் குளத்திலும் வயல் சகதியிலும் கடலிலும் சேரும். சகதியில் இருக்கும் நுண்ணுயிர் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும். அதுதான் கொடுமையானது. சின்ன மீனுக்குள் போகும். அதைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் சேரும். கடைசியில் நம் சட்டியில் வந்து நிற்கும். நரம்பையும் மூளையையும் தாக்கும். வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

நம் மீனில் விஷம் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக் கடலோரச் சகோதரர்கள் வயிற்றில் அடிக்க நாம் தயாரில்லை. எவ்வளவு புறப்பட்டது என்ற கணக்கு நம் கையில் இல்லாதபோது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

கொடைக்கானலில் கணக்கு எழுதியது பாசி!

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்து 1980களில் கொடைக்கானல் மலை மேல் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கைச் சுட்டிக் காட்டினார்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் அங்கே திறந்த வெளியில் கிடந்தது. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

கண்ணாடியைத் தராசில் போட்டு நிறுத்தோம். காற்றில் போனதை எதில் போட்டு நிறுப்பது? ஆலை மூடிய பிறகுதான் கம்பெனி ஆலோசகர்களை வைத்து, எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று மதிப்புப் போட்டது. மதிப்பு வேறு, அன்றாடம் எழுதிய கணக்கு வேறு. இது வயலுக்குப் போகாமலே மகசூல் எழுதுவது போலத்தான்.

ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தில் படர்ந்த பாசியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். பாசிக்கு வேர் மண்ணில் இல்லை, காற்றிலிருந்துதான் அது சத்து எடுக்கிறது. அந்தப் பாசியில் பாதரசம் ஏறி இருந்தது. 2003-ல் அந்த முடிவு வெளியானது. மனிதன் எழுதாத கணக்கை மரத்துப் பாசி எழுதி வைத்திருந்தது! அந்த ஆலையில் வேலை பார்த்த 591 பேர் தரப்பு கம்பெனியோடு உடன்பாடு காண 2016 மார்ச் வரை போராட வேண்டி வந்தது. ஆலை மூடி 15 வருஷம்!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1981-ம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 51-வது பிரிவைப் பாருங்கள். எந்த ஆலைக்கு அனுமதி கொடுத்தோம், எந்த வரம்பு விதித்தோம் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் பதிவேடு வைக்க வேண்டும். பாதிக்கப்படும் யாரும் அதைப் பார்க்கலாம். ஆலைகள் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 30-க்குள் படிவம் 5-ல் சுற்றுச்சூழல் கணக்கு கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

ஓட்டை எங்கே? படிவம் 5-ல் அனுமதிச் சீட்டில் குறித்த மாசுகளுக்குத்தான் கணக்கு. சீட்டில் பாதரசம் இல்லை என்றால் படிவத்திலும் இல்லை. 2015 டிசம்பரில் அனல் மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பு வந்தது. ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம். ஆனால் 2003-க்கு முன் கட்டியதில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகு என்றால் அந்த வரம்பே கிடையாது! தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 1979 முதல் 1992 வரை ஓடத் தொடங்கிய ஐந்தும் 210 மெகாவாட் அலகுகள். புது ஆலைக்கு வரம்பு, பழைய ஆலைக்கு விலக்கு. நம் ஊரில் பழைய பட்டாவுக்குத் தீர்வை தள்ளுபடி உண்டா?

வரம்பு உள்ள இடத்திலும் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் பேச்சு. ஒரு செம்பில் எத்தனை கல் உப்பு என்று சொல்லிவிட்டு, மொத்தம் எத்தனை செம்பு ஊற்றினேன் என்று சொல்லாமல் போனால் கறியின் உப்பு தெரியுமா?

பொய்க் கணக்கு கொடுத்து அனுமதி வாங்கினால் மூன்று மாதம் வரை சிறை என்று இருந்தது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறையை எடுத்துவிட்டு அபராதம் என்று ஆக்கியது. பணம் உள்ளவனுக்கு அபராதம் என்பது இன்னொரு செலவுச் சீட்டு.

வெளிநாட்டில் எப்படி?

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயுவுக்குச் செத்தது நம் மக்கள். அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா 1986-ல் ஊரார் அறியும் உரிமைச் சட்டம் போட்டது. அங்கே ஆலைகள் வருஷா வருஷம் நச்சுக் கணக்கை அரசுக்குக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். பாதரசம் என்றால், வருஷத்துக்குப் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ, ஆலையில் புழங்கினாலே கணக்குக் காட்ட வேண்டும் என்று 2000-ம் ஆண்டுக் கணக்கிலிருந்து வரம்பைக் குறைத்தார்கள். பிணம் இங்கே விழுந்தது, பாடம் அங்கே போய்ச் சேர்ந்தது!

ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மக்களை முடக்கியது. ஆலை மருத்துவரே 1959-ல் பூனைக்குக் கழிவைக் கொடுத்துச் சோதித்து உண்மையைக் கண்டார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. 1968-ல்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. அந்த ஊர்ப் பெயரால் வந்த உலக உடன்படிக்கையில் இந்தியாவும் 2018-ல் சேர்ந்தது. ஐந்து வருஷத்துக்குள் காற்றில் விடும் பாதரசத்துக்கு நாடு முழுக்கக் கணக்கு எடுக்க வேண்டும் என்பது அதன் எட்டாவது விதி. அந்தக் கெடு 2023-லேயே முடிந்தது. உங்கள் ஊர்க் கிராம சபையில் அந்தக் கணக்கை யாராவது வாசித்துக் கேட்டதுண்டா?

ஆலையை மூடச் சொல்லவில்லை!

"விவசாயிகள் சங்கம் தொழிலுக்கு எதிரி" என்று பழி போடுவார்கள். நம் பம்புசெட்டும் அந்தக் கரண்டில்தான் ஓடுகிறது, அது நமக்குத் தெரியாதா என்ன? நாம் கேட்பது கணக்கு. கரி எத்தனை டன் வந்தது, அதில் பாதரசம் எவ்வளவு, சாம்பலில் எவ்வளவு, புகையில் எவ்வளவு? பால் சொசைட்டியில் கறவைக்காரி தினமும் காட்டும் வரவு செலவு இது. அவளால் முடியும், ஆலையால் முடியாதா?

நமது கோரிக்கைகள்:

1. அனல் மின் நிலையம், சிமெண்டு ஆலை, குப்பை எரிக்கும் ஆலை, எல்லாவற்றின் அனுமதியிலும் பாதரசத்தைச் சேர்! பழைய அலகு, சின்ன அலகு என்ற விலக்கை நீக்கு!

2. மொத்தம் எத்தனை கிலோ என்று வருஷக் கணக்கு கொடு! அளந்த தாள்களை ஐந்து வருஷம் அழிக்காமல் வை!

3. அந்தக் கணக்கைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு!

4. கம்பெனி காசு கொடுத்து வைத்த ஆள் அளந்தால் போதாது. வாரியம் முன்னறிவிப்பு இல்லாமல் அளக்கட்டும், விவசாயிகள், மீனவர்கள் பிரதிநிதிகள் உடன் நிற்கட்டும்!

5. குளத்து மண், நெல், மீன், மூன்றையும் மாவட்டத்தில் சோதித்து முடிவை வெளியிடு!

நாம் செய்ய வேண்டியது: வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 51-வது பிரிவைச் சொல்லி வாரிய அலுவலகத்தில் பதிவேட்டைக் கேளுங்கள். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் உரத்தோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நம் வாழைக்குக் கணக்குக் கேட்டவர்களே, உங்கள் புகைக்குக் கணக்குக் காட்டுங்கள்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

செயலாளர்,
விவசாயிகள் சங்கம், குளச்சல்