குழந்தைகளுக்கு எழுதும் சித்திரம்

குழந்தைகளின் புத்தகங்களுக்குச் சித்திரம் எழுதுவது சித்திரக் கலையிற் கடைப்பட்ட தொழில் என்று கருதுவோர் பலர். பெரியோர் பார்க்கும் படத்திற் பிழையிருப்பின் உடனே குறை கூறுவர், குழந்தை பார்க்கும் படத்திற் காகத்திற்குக் கிளியின் மூக்கு அமைந்திருப்பினும், "குழந்தைதானே, அதற்கென்ன தெரியும்!" என்று விட்டுவிடுவர். இவ்வெண்ணம் பெருந்தவறுடைத்து என்பது நமது துணிபு. யானையைப் பன்முறை கண்டவன் பிழையான படத்தையும் தன் அறிவினால் திருத்திக்கொள்வான். யானையைக் காணாத குழந்தையோ, படத்தில் உள்ளதையே யானையென்று நம்பிவிடும். ஆதலின், பிழையற்ற படம் யாவரினும் மிகுதியாக வேண்டப்படுவது குழந்தைக்கே.

இதற்குச் சான்றாக, ஆங்கில நாட்டிற் புகழ்பெற்று விளங்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம்.

அம்மையார் 1866-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28-ஆம் தேதி லண்டன் மாநகரிற் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். பள்ளிக்கூடத்திற்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே ஆசிரியைகளிடம் பயின்றார். ஒத்த வயதினரோடு கூடி விளையாடுதல் அரிதாயிருந்த அவ்வீட்டில், அவரும் அவருடைய தம்பியாரும் முயல், எலி, முள்ளெலி, வௌவால், தவளை முதலிய பிராணிகளை வளர்த்து வந்தனர். வளர்த்துக் கொஞ்சியதோடு அமையாது, அவற்றை இடைவிடாது வரைந்தும் வந்தனர். ஒரு பிராணி இறந்துபட்டால், அதன் எலும்புகளைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதத்தையும் ஆராய்ந்தனர். அக்காலத்துப் பெரும் ஓவியரான மில்லே என்பார் அம்மையாரின் தந்தையாருக்கு நண்பர். வரையக் கூடியவர் பலர் உளரெனினும், கூர்ந்து நோக்கும் ஆற்றல் இப்பெண்ணிடம் உள்ளதென்று அவர் பாராட்டினார். அம்மையாரின் வாழ்வு முழுமைக்கும் திறவுகோல் இப்பாராட்டேயாகும் என்போம்.

1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் தேதி, ஸ்காத்லாந்தில் தங்கியிருந்த அம்மையார், தம்முடைய பழைய ஆசிரியையின் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயெல் என்னும் அச்சிறுவன் ஐந்து வயதினன், நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தான். அவனுக்கு எழுதுதற்குச் செய்தி யாதும் தோன்றாமையால், பீட்டர் என்னும் முயற்குட்டியின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். சிறுவன் அக்கடிதத்தைப் பத்திரமாய் வைத்திருந்தான். சில ஆண்டுகள் கழிந்தபின் அம்மையார் அதனை இரவலாகப் பெற்று, விரித்தெழுதிப் புத்தகமாக்கினார். பதிப்பாளர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அவரோ மனந்தளராது, 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். குழந்தையின் சிறு கையில் அடங்குமாறு புத்தகம் சிறிதாயிருத்தல் வேண்டும், எளியோரும் வாங்குமாறு விலை குறைந்திருத்தல் வேண்டும் என்பன அவருடைய உறுதிகள். 1902-ஆம் ஆண்டில் வார்ன் கம்பெனியார் வர்ணப் படங்களுடன் அதனை வெளியிட்டனர். அன்று தொடங்கிய அதன் புகழ் இன்றும் குன்றவில்லை.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். "முயல் சட்டை அணியுமோ? பேசுமோ? இவற்றை எழுதியவர் உண்மையை எழுதினார் என்பது எங்ஙனம் பொருந்தும்?" என்று சிலர் வினவக்கூடும். அக்கதையையே நோக்குக. தோட்டக்காரன் துரத்தும்போது பீட்டரின் காலணிகள் கழன்று விழுகின்றன; உடனே அது நான்கு கால்களாலும் முன்னிலும் விரைந்து ஓடுகின்றது. பின்னர், பழச்செடிகளின்மேல் விரித்த வலையிற் சட்டைப் பொத்தான் சிக்கிக்கொள்ளவே, சட்டையையும் கழற்றி எறிந்து தப்புகின்றது. தோட்டக்காரன் அவற்றை எடுத்துச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு அணிவிக்கின்றான். சட்டை கற்பனை, சட்டைக்குள் இருந்தது மெய்யான முயல். சிருஷ்டிகர்த்தர் முயலுக்கு அளித்த காதும், முதுகின் வளைவும், பின்னங்கால்களின் நீளமும் அப்படங்களிற் சிறிதும் மாறவில்லை. ஆதலினாலன்றோ சட்டை கழன்றபின்னும் படம் பொய்க்காமல் நிற்கின்றது! மெய்யை நன்கு அறிந்தவருக்கே கற்பனையாடும் உரிமை உண்டு.

அம்மையார் காளான்களையும் நூற்றுக்கணக்கில் வரைந்தவர். பூதக்கண்ணாடியின் துணைகொண்டு அவற்றின் வித்துத்தூள் முளைக்கும் விதத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் வேறொருவரால் முன்வைக்கப்பட்டது. அச்சங்கத்தின் கூட்டங்களிற் பெண்டிர் அமர்தற்கு அக்காலத்தில் இடமில்லை. கட்டுரை அச்சேறவுமில்லை. அம்மையார் நன்கு நடத்தப்படவில்லை என்று அச்சங்கத்தின் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது 1997-ஆம் ஆண்டிலேதான். விஞ்ஞானத்தில் வழி அடைபட்டதனாலேயே அவர் முயற்கதைக்குத் திரும்பினார் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று நமக்கு உடன்பாடன்று. முயற்கடிதம் எழுதப்பெற்றது அக்கட்டுரைக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னரேயாம். முயலைக் கண்ட கண்ணும் காளானைக் கண்ட கண்ணும் ஒன்றே. அவர் காலஞ்சென்ற பின், 1967-ஆம் ஆண்டில் வெளியான காளான் நூலொன்றிற்கு அவருடைய சித்திரங்களே படங்களாக அமைந்தன. கதைப்படம் எழுதியவரின் கை, விஞ்ஞான நூலுக்கும் போதியதாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

புத்தகங்களால் வந்த வருவாயையும் உறவினர் விட்டுச்சென்ற பொருளையும் கொண்டு, 1905-ஆம் ஆண்டில் ஏரி நாட்டில் 'ஹில் டாப்' என்னும் பண்ணையை வாங்கினார். அப்பண்ணை வீட்டின் மாடிப்படியும், தோட்டத்து வழியும், அயலிலிருந்த கிராமமும் பின்வந்த கதைகளின் படங்களிற் புகுந்தன. பிற்காலத்தில் நிலங்களைக் காப்பதிலும், அந்நாட்டிற்கே உரிய ஹெர்ட்விக் ஆடுகளை வளர்ப்பதிலும் காலத்தைச் செலவிட்டார். 1943-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி அவர் காலமானபோது, 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனத்திற்கு எழுதி வைத்திருந்தார். தாம் வரைந்த காட்சிகளை, அவை இருந்தவாறே பின்வருவோரும் காணும்படி செய்த சித்திரக்காரர் மிகச் சிலரே.

ஊக்கம் என்பது வானினின்று திடீரென இறங்கும் ஒன்று என்றும், அது வரும்வரை காத்திருத்தல் வேண்டும் என்றும் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அம்மையாருக்கு அது கூட்டில் வளர்ந்த முயலினிடமிருந்தும், காட்டில் முளைத்த காளானிடமிருந்தும் வந்தது. அவர் செய்ததெல்லாம் அவற்றின் அருகில் அமர்ந்து, அவை உள்ளவாறு தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததே.

இவ்விடத்து நம் மாணவருக்கும் ஒரு சொல் உண்டு. தாவர நூல் வகுப்பில், மேசைமேல் மலர் ஒன்று இருக்க, அதனை நோக்காது சென்ற ஆண்டு மாணவனின் குறிப்பேட்டை வாங்கிப் படத்தைப் பெயர்த்தெழுதும் வழக்கம் கல்லூரிகளில் உண்டென்பதை யாவரும் அறிவர். சென்ற ஆண்டு மாணவனும் அதற்கு முந்தியவனிடமிருந்தே பெயர்த்திருப்பான். இவ்வாறு மலர் வாட, பிழை மட்டும் வாடாது வளர்கின்றது. நாளை இவர்களே ஆசிரியராகிக் குழந்தைகளுக்குக் கரும்பலகையில் மலர் வரைந்து காட்டுவர். அக்குழந்தைகளின் பொருட்டேனும், குறிப்பேட்டை மூடிவைத்து, மேசைமேல் உள்ள மலரை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தல் நலம்.