ஐரோப்பிய ரயில் விடுமுறை: எல்லைகள் திறந்தன, தடைகள் நீங்கவில்லை

ஐரோப்பாவில் விடுமுறைப் பயணத்துக்கு ரயிலை நாடும் ஆர்வம் மீண்டும் தலைதூக்கியுள்ளது. ஆனால் அதற்கு ஈடுகொடுக்க அரசுகளும் ரயில் நிறுவனங்களும் இன்னமும் ஆயத்தமாகவில்லை என்பதையே அண்மைய நிகழ்வுகள் காட்டுகின்றன.

ரயில் பயணத்தில் வழியும் விடுமுறையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஜெர்மனியில் பிங்கனுக்கும் கோப்லென்சுக்கும் இடையே ரைன் நதியை ஒட்டி ஓடும் ரயிலில் இருந்து குன்றுகளின் மேலுள்ள கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் காணலாம். சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதை பற்சக்கரங்களின் உதவியின்றி 2,253 மீட்டர் உயரம் வரை ஏறி, இத்தாலியின் டிரானோவில் 429 மீட்டருக்கு இறங்குகிறது. சிசிலிக்குச் செல்லும் ரயில் பெட்டிகளோ கப்பலில் ஏற்றப்பட்டு மெசினா நீரிணையைக் கடக்கின்றன.

இத்தகைய பயணத்தைப் பரவலாக்கியதில் இன்டர்ரெயில் சீட்டுக்குப் பெரும் பங்குண்டு. 1972ல் 21 வயது வரையிலான இளைஞர்களுக்காக அறிமுகமான இச்சீட்டின் வயது வரம்பு பின்னர் நீக்கப்பட்டது. இன்று 11 வயது வரையிலான இரு பிள்ளைகள், ஒரு பெரியவருடன் இதில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். லண்டன், பாரிஸ், சூரிச் என உறவுகள் பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பயன்தரக்கூடிய ஏற்பாடு. எனினும் பல அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

திரும்பி வந்த இரவு ரயில்கள்

ஜெர்மனியின் தேசிய ரயில் நிறுவனம் 2016 டிசம்பரில் தனது படுக்கை வசதி ரயில்களைக் கைவிட்டது. அவற்றில் ஒரு பகுதியை ஏற்ற ஆஸ்திரிய அரசு நிறுவனம், நைட்ஜெட் என்ற பெயரில் சேவையை விரிவுபடுத்தியது. 2023 டிசம்பரில் பாரிஸ்-பெர்லின் இரவு ரயிலும் மீண்டது. ஆனால் பிரெஞ்சு அரசு மானியத்தை விலக்கிக்கொண்டதை அடுத்து, நைட்ஜெட்டின் அந்தச் சேவை 2025 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. வேறொரு தனியார் நிறுவனம் அந்தத் தடத்தில் ரயில் விட முன்வந்தது.

பயணிகளின் விருப்பம் மட்டும் ஒரு ரயிலை ஓட்டப் போதாது என்பதே இதன் பாடம். படுக்கைப் பெட்டியில் ஏற்றக்கூடிய பயணிகள் குறைவு. ரயில் பகலில் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. தண்டவாளத்தைப் பயன்படுத்தவும் கட்டணம் செலுத்த வேண்டும். விமான எரிபொருளுக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரிவிலக்கு அளித்தது. அதை மாற்ற 2021ல் முன்வைக்கப்பட்ட யோசனை, உறுப்பு நாடுகளிடையே கருத்தொற்றுமை இன்றித் தேங்கியது.

சிதறிய பயணச்சீட்டுகள்

எல்லைச் சோதனைகளை அகற்றிய ஷெங்கன் நாடுகள், ரயில் முறைகளை இன்னமும் முழுமையாக இணைக்கவில்லை. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகியவற்றின் மின்னழுத்த முறைகள் வேறுபடுகின்றன. ஸ்பெயினின் பழைய பாதைகளில் தண்டவாள அகலமே வேறு.

பயணியை நேரடியாகப் பாதிப்பது சீட்டு முறை. தனித்தனியாக வாங்கிய சீட்டுகளுடன் செல்பவர், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்யும் சட்டக் கடப்பாடு பொதுவாக எந்த நிறுவனத்துக்கும் இல்லை. பிள்ளைகளுடன் புறப்படும் குடும்பம் ஒன்று விமானத்தைத் தெரிவு செய்ய இந்த அச்சமே போதும்.

முக்கிய நகரங்களை 2040ஆம் ஆண்டுக்குள் அதிவேக ரயில்களால் இணைக்கும் திட்டத்தை 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. புதிய பாதைகள் அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் பல நாடுகளைக் கடக்கும் பயணத்துக்கு ஒரே சீட்டும், ரயில் தவறினால் பொறுப்பேற்கும் விதியும் கொண்டுவரச் சுரங்கம் எதுவும் தோண்ட வேண்டியதில்லை. ரயில் விடுமுறை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகச் சுருங்குமா, சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டுமா என்பதை அந்த அரசியல் முடிவே தீர்மானிக்கும்.