கிழட்டு விமானத்துக்கு மாலை போடுகிறவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸில் அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், ராணுவ விமானத்துக்கு வயதே கிடையாது என்று ஓர் அன்பர் முழங்கினார். கைதட்டலும் வாங்கினார். அமெரிக்காவின் பி-52 எழுபது ஆண்டாகப் பறக்கிறதாம். ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்த நம் நூரி ஹெலிகாப்டரை 2020 ஜனவரியில் ஓரங்கட்டியது நன்றிகெட்ட செயலாம். கிள்ளானில் பழைய புரோட்டோன் சாகா இன்னும் ஓடவில்லையா என்று முத்தாய்ப்பும் வைத்தார்.

சாகாவிலிருந்தே தொடங்குவோம். சாகா மக்கர் செய்தால் கூட்டரசு நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடலாம். தித்திவாங்சா மலைத்தொடருக்கு மேலே கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் எந்த ஓரத்தில் நிறுத்துவது? மேடையில் சொல்லச் சுகமாக இருக்கும் இந்த உவமையை, விமானத்தில் ஏறுகிறவனின் வீட்டுக்குப் போய் அவன் மனைவியிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்து பி-52. அது பறக்கிறது, உண்மைதான். எப்படிப் பறக்கிறது என்பதை மட்டும் அன்பர் வசதியாக விழுங்கிவிட்டார். கடைசி பி-52 தயாரிப்புக்கூடத்தை விட்டு வெளியே வந்தது 1962இல். இன்று எஞ்சியிருக்கும் எழுபத்தாறுக்கும் புது ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின் பூட்டப்போகிறார்கள். ஒன்று கெட்டுப்போனால், அரிசோனா பாலைவனத்தில் நிறுத்திவைத்திருக்கும் பழைய விமானத்தைத் தட்டி எழுப்பிப் பறக்கவிடுகிறார்கள். அதாவது வெளிக்கூடுதான் பழசு, உள்ளே கொட்டிய பணம் புதுசு. அந்தப் பணம் நம்மிடம் இருக்கிறதா?

அதே அரிசோனாவோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று 1982இல் அமெரிக்கக் கடற்படையின் பழைய ஸ்கைஹாக் 88ஐ வாங்கினோம். புதுப்பித்துக் கொண்டுவந்தது 40. மிச்சம் 48க்கும் இங்கே வந்து பறக்கும் யோகமே இல்லை. மலிவின் இலட்சணம் அதுதான். 2025 ஆகஸ்டில் மெர்சிங் முகாமில் மாமன்னரே அந்த ஸ்கைஹாக்கை நினைவூட்டி, நம் விமானிகளைப் பறக்கும் சவப்பெட்டியில் ஏற்றப்போகிறோமா என்று கேட்டார். அன்பர் காதில் அது விழவில்லை போலும்.

‘அப்படியானால் சுபாங்கில் சி-130 பறக்கிறதே?’ என்று அவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 1976இல் வந்த அந்த விமானங்கள் இன்றும் பயன்படுகின்றன. காரணம், அந்த வகையை லாக்ஹீட் இன்னும் தயாரிக்கிறது. உதிரிப்பாகம் உலகமெங்கும் கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஏரோட் பட்டறை சுபாங்கிலேயே 1985 முதல் இருக்கிறது. நூரிக்கு இந்த வாய்ப்பு இல்லை. சிக்கோர்ஸ்கி அந்த வகையைக் கைவிட்டு எத்தனையோ காலமாயிற்று. 1995இல் வந்த மிக்-29ஐப் பாருங்கள். இருபது ஆண்டு சொச்சத்திலேயே பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல் மூலைக்குப் போனது. வயதைவிட அதைத் தாங்கிப்பிடிக்கும் ஏற்பாடுதான் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த சி-130க்கும் சாகாவரம் இல்லை. 2002 ஜூனில் கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கப் போன பழைய சி-130ஏ விமானம், தீத்தடுப்புக் கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தபோதே இரண்டு இறக்கைகளும் முறிந்து விழுந்தது. மூவர் மாண்டனர். இறக்கையின் அடித்தகட்டில் உலோகச் சோர்வால் விழுந்த விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. வலுவூட்டுவதற்காக மேலே அறைந்த ஒட்டுத்தகடே அந்த விரிசலைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. வெளியே நின்று பார்த்தால் விமானம் ஜோராகத்தான் இருந்திருக்கும், அன்பரின் பேச்சைப் போல.

இப்போது நூரி. 2014 கிளந்தான் வெள்ளத்தில் அது செய்த சேவையை யார் மறுத்தார்கள்? அது வேறு, அதற்குப் பதில் வேறொன்று வாங்காமல் இழுத்தடித்தது வேறு. 2007 ஜூலையில் கெந்திங் செம்பா அருகே ஒரு நூரி விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். பழி முழுவதையும் நான் வயதின் மேல் போடவில்லை. பிறகு நடந்ததைத்தான் கேட்கிறேன். 2008இல் நூரிக்குப் பதிலாக யூரோகாப்டர் இசி725 தேர்வானது. பொருளாதார நெருக்கடி என்று சொல்லி அதே ஆண்டு தள்ளிவைத்தார்கள். 2010இல் ஒப்பந்தம் ஆனபோது வந்தவை 12 மட்டுமே. நூரியோ 2019 முடியும்வரை பறந்தது. அது நின்ற பிறகு, இடைவெளியை அடைக்க நான்கு ஏடபிள்யூ139 ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தது. அரை நூற்றாண்டு அவகாசம் இருந்தும் மாற்று தயாராகவில்லை. இதையா நீண்ட சேவை என்று கொண்டாடுகிறார்?

இந்தியாவிலும் இதே கூத்துதான். 1963இல் சேர்ந்த மிக்-21க்கு விடை கொடுத்தது 2025 செப்டம்பரில். அதன் இடத்துக்கு வரவேண்டிய தேஜஸ் தாமதமானதுதான் அந்த நீண்ட ஆயுளின் இரகசியம். அங்கேயும் விமானத்தைப் புகழ்ந்து கவிதை பாடினார்கள். தாமதத்துக்குக் காரணமானவர்களின் பெயரை யாரும் பாடவில்லை.

அன்பரின் பேச்சு யாருக்கு உதவுகிறது என்று யோசித்தால் எல்லாம் விளங்கும். பறக்கிறவனுக்கு உதவாது. அவனுக்குத் தேவை நம்பகமான இயந்திரம். வரி கட்டுகிற நமக்கும் உதவாது, மலிவு என்று வாங்கி இரண்டு மடங்கு அழுதவர்கள் நாம். கோப்பை மேசைக்கு மேசை தள்ளியவர்களுக்குத்தான் உதவுகிறது. அவர்களுடைய மெத்தனத்துக்கு ‘தியாகம்’ என்று பெயர் சூட்டி மாலை போடுகிறது.

விமானத்தின் மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம் இருந்தால் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு வகை விமானமும் எந்த ஆண்டு ஓய்வுபெறும், அதற்கு மாற்று எது, எந்த பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கப்படும் என்பதை வாங்குகிற அன்றே நாடாளுமன்றத்தில் தற்காப்பு அமைச்சு அறிவிக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரட்டும். முன்மொழிய அவர் வந்தால் வழிமொழிய நான் வருகிறேன். வரமாட்டார் என்றால், குறைந்தபட்சம் அந்த சாகா கதையையாவது நிறுத்தட்டும்.