கட்டிடக் கலை யாருக்கு?

கட்டிடக் கலை என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? ராஜாக்கள் எழுப்பிய கோபுரம், இன்றைய முதலாளிமாரின் கண்ணாடி மாளிகை, சலவைக்கல் தரை, கூரையில் தொங்கும் சரவிளக்கு. கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் நம்மவர்கள். ஆனால் அந்தக் கலை நமக்கானதல்ல என்று நாமே ஒதுங்கி நிற்கிறோம். இந்த ஒதுங்கல் தவறு என்பது நமது கருத்து.

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில் ஒரு வட்டக் கட்டிடம் நிற்கிறது. இந்தியன் காப்பி ஹவுஸ். உள்ளே மாடி வேறு, படி வேறு என்று இல்லை. தரையே சுருளாகச் சுற்றி மேலேறுகிறது. மேஜையும் பெஞ்சும் கடையில் வாங்கிப் போட்டவையல்ல. சுவரையொட்டிக் கட்டி எழுப்பியவை. ஜன்னலுக்குப் பதில் சுவரில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே வருகின்றன. (நாள் முழுதும் தட்டேந்தி அந்தச் சரிவில் ஏறி இறங்கும் ஊழியரின் கால்களிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டும். அது நமது ஆட்சேபம்.)

அந்த ஊழியர்கள் யார்? 1950-களின் பிற்பகுதியில் காப்பி போர்டு தன் கடைகளை மூடிவந்தது, ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தோழர் ஏ. கே. கோபாலன் வழிகாட்டினார், அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில் திறந்தது. தொழிலாளர் நடத்தும் கடைக்கு இப்படியொரு கட்டிடம்!

இதை அமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தார். இந்தியப் பிரஜையாகி, 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் கையாண்ட முறைகளைக் கொத்து வேலை தெரிந்த தோழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, இரு வரிசைக்கும் நடுவே பொந்து விட்டுக் கட்டுவது ஒன்று. ஒன்பது அங்குலச் சுவர்தான். செங்கல்லோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். அடுத்தது தளம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலையில்லை. ஆகவே கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். சிமெண்ட் மிச்சம், கம்பியும் மிச்சம்.

இதில் வர்க்கக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் கொடுக்கும் பணம் எங்கோ உள்ள கம்பெனி முதலாளிக்குப் போகிறது. இந்த முறையில் சாமான் குறைவு, கைவேலை அதிகம். ஆகவே செலவில் பெரும்பங்கு ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகிறது. 1985-ல் கேரள முன்னாள் முதல்வர் தோழர் சி. அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' என்ற ஸ்தாபனத்தை பேக்கர் உருவாக்கியதும் இந்த முறை பரவவேண்டும் என்றுதான்.

ஆனால், "பூசாத சுவரா? பாதியில் நின்ற வீடு என்று ஊர் சிரிக்காதா?" என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கும் படித்தவர்களோடு நாம் சேரமாட்டோம். ஓலைக் குடிசையிலும் லயன் அறையிலும் மூன்று தலைமுறை கழித்தவர்கள் பூசி வெள்ளையடித்த சுவர் கேட்பது ஆடம்பரமா? அது மானப் பிரச்னை. 'மலிவு வீடு' என்று பேர் வைத்துக் கூலிக்காரனுக்கு மட்டும் வெறும் செங்கல்லைக் காட்டினால் அவன் சந்தேகப்படத்தான் செய்வான்.

பேக்கர் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் விசேஷம். திருவனந்தபுரம் உள்ளூரில் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் வேலை செய்யும் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தையும் அதே பூசாத செங்கல்லில்தான் கட்டினார். செங்கல்சூளைக் குடிசைவாசிகளுக்கும் அதே செங்கல்தான். நம் சர்க்காரும் இந்த முறையைக் கையில் எடுக்கட்டும். ஆனால் முதலில் மந்திரி பங்களாவும் கலெக்டர் ஆபீசும் அப்படி எழும்பட்டும். அப்புறம் நம் காலனிக்கு வரட்டும். வரும்போது, அடுப்படி எங்கே, திண்ணை எவ்வளவு என்று குடியிருக்கப் போகிறவளைக் கேட்டுவிட்டுப் படம் போடட்டும்.

சங்கக் கட்டிடத்துக்கு நிதி திரட்டும் தோழர்கள் திருவனந்தபுரம் போனால், தம்பானூரில் இறங்கி ஒரு காப்பி குடியுங்கள். கூட ஒரு கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். மேலே ஏறும்போது அவர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும்.