சுற்றி வரும் ரயில்

2024 மே மாதம் சென்னைக் கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டதில் நேரடி ரயிலுக்கான நெடுநாள் கோரிக்கை பாதி நிறைவேறியது. கட்டணம் குறைவு, நேரம்தான் உதைக்கிறது. மாலையில் கிளம்பும் வண்டி அரக்கோணம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு நள்ளிரவில் வந்து சேர்கிறது, விடியுமுன்னே திரும்பிவிடுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஓடியே முடித்தால் அதே ரயிலைப் பிடிக்கலாம்!

திருவண்ணாமலையைச் செஞ்சி வழியாகத் திண்டிவனத்துடன் இணைக்கும் பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது. இன்னும் ரயில் ஓடவில்லை.

ஆகவே பேருந்துதான் கதி. தீபத் திருவிழாவின்போதும் பௌர்ணமி நாள்களிலும் அவை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஆட்டோக்காரர் சொன்னதே கட்டணம். புதிய பாதை வரும்போது வரட்டும். தற்காலிக நிலையங்களையும் கிரிவலப் பாதையையும் இணைக்கும் சிற்றுந்துகளைப் பௌர்ணமிதோறும் இரவு முழுக்க இயக்க, மாவட்ட நிர்வாகம் இப்போதே உத்தரவிடலாம்.